ஈ உட்கார்ந்த தட்டு

மூன்று மாதச் சம்பளப் பாக்கி.
பாசித் பாய் கையை விரித்தார்.
பேரணாம்பட்டு தோல்ஷாப்பில் டிரம்கள் நின்று
எட்டு நாள்.
பூட்டுக்கு அரக்கு வைக்க
பேங்க் ஆள் கிளம்பிவிட்டதாகப் பேச்சு.
"ஜெர்மனி பார்ட்டி கொடுத்தது,
வீட்டில் வைக்க இடமில்லை" என்று
ஒரு அட்டைப்பெட்டியைக்
காலால் என் பக்கம் நகர்த்தினார்.

மொபெட்டில் கால் இடுக்கில் வைத்து
ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கி
உருட்டிக்கொண்டே குடியாத்தம் வந்தேன்.

ஆறு தட்டு, நாலு கோப்பை, சாசர் ஐந்து.
கணக்கே ஒட்டவில்லை.
சலோமி ஒரு கோப்பையின் காதில்
சுண்டுவிரலை விட்டுப் பார்த்து
"இதில் டீ குடித்தால் நாக்கு நனையுமா?" என்றாள்.
அதைச் சம்பளம் என்று
இன்றுவரை அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

பிறகு பழகிவிட்டது.
வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால்
பழைய சாமான் கடையில்
ரோஜா வரைந்த சூப் கிண்ணம்.
எந்த வெள்ளைக்கார டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையோ,
கடைக்காரன் அதில் ஆணி போட்டு வைத்திருந்தான்.
முந்நூறு சொன்னான்.
ஆணியோடு சேர்த்து நூற்றைம்பதுக்கு முடித்தேன்.
ராணிப்பேட்டையில் மூடியில்லாத டீ ஜாடி.
ஆற்காட்டில், விளிம்புத் தங்கம்
யாரோ சபீனா போட்டுத் தேய்த்து எடுத்த தட்டு.
மே மாசத்தில் அலமாரியைத் தொட்டால் சுடும்.
ஆயிரத்து நானூறு டிகிரியில் வெந்தவை,
நம் கத்திரி அவற்றுக்கு வெறும் மார்கழி.

எல்லாரும் தட்டின் முகத்தைப் பார்க்கிறார்கள்.
நான் கவிழ்ப்பேன்.
பாசித் பாய் கொடுத்ததில்
அடியில் நீலமாய் இரண்டு வாள்,
வாள்களின் மேல் ஒரு கீறல்.
கீறல் இருந்தால் இரண்டாம் தரம்.
பக்கத்தில் வரைந்தவரின் எண்: எழுபத்தொன்று.
பேர் போட விடவில்லை போல.
ஷாப்பில் நான் முப்பத்தெட்டு.

தட்டின் நடுவே பூங்கொத்து.
அதை விட்டு விலகி ஓரத்தில்
ஒரு ஈ.
பூவுக்குச் சம்பந்தமில்லாத இடம்.
தோல் பார்க்கும் லென்ஸை வைத்தேன்.
ஈயின் வயிற்றுக்குள்
குண்டூசி முனையளவு மேடு,
சூளையில் விழுந்த தூசு.

அடப்பாவி, எழுபத்தொன்று!

இருபத்திரண்டு வருஷம் நான் வேறென்ன செய்தேன்?
உண்ணி கடித்த வடு,
வேலிமுள் இழுத்த கோடு,
பிக்மெண்ட் குழைத்து, ஸ்பிரே பிடித்து,
சூட்டுப் பிளேட்டில் அழுத்தி
செக்கிங் ஆள் விரலுக்கும் சிக்காமல்
கண்டெய்னர் ஏற்றினேன்.
சாத்கர் மலையில் மேய்ந்த ஆட்டின் உண்ணிக்கடி
எந்த ஊர்ப் பனியிலோ
யார் காலிலோ நடக்கிறது.

ஆனால் எனக்கு மூடத்தான் தெரியும்.
மூடுகிற இடத்தில்
ஆறு கால் போட்டு, மயிர் போட்டு,
இறக்கை வழியே வெள்ளை தெரிய
ஒன்றை உட்காரவைக்கத்
தோன்றியதே இல்லை.

பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார்.
கீறலைப் பார்த்ததும் பாதி விலை சொன்னார்.
ஈயை, "தோட்டத்து டிசைன்" என்றார்.
சரி என்றேன். தட்டைத் தரவில்லை.

போன வெள்ளிக்கிழமை பாசித் பாய்,
மகள் நிக்காஹ் பத்திரிகையோடு.
தாடி முழுக்க வெளுத்திருந்தது.
பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை,
நானும் கேட்கவில்லை.
சலோமி உள்ளே போய்
மக்கன் பேடா இரண்டு எடுத்து
அந்தத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள்.
வேண்டுமென்றேதான்.

அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
மண்டபம், சமையல், ஆம்பூர் சம்பந்தி
என்று பேசிக்கொண்டே
ஓரத்தில் இருந்த ஈயைக் கையால் வீசினார்.
போகவில்லை.
பத்திரிகை உறையை எடுத்து
இன்னொரு முறை வீசினார்.

சலோமி என் பக்கம் திரும்பவே இல்லை.
எழுந்து போய்
ஃபேனை ஒரு எண் கூட்டினாள்.